சலவை இயந்திரத்தில் தீய்ந்த வாடை: உருகி ஏன் காக்கவில்லை?

மாணவர்களே, பள்ளி முடிந்து வீடு திரும்புகிறீர்கள். அடுப்பு எரியவில்லை, ஆனாலும் தீய்ந்த வாடை அடிக்கிறது. சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

ரப்பர் கருகிய வாடையா? பெல்ட் உள்ள இயந்திரத்தில் துணி அளவுக்கு மீறினால் உருளை சுற்ற முடியாமல் திணறும். மோட்டார் சுழல, பெல்ட் வழுக்கும். உராய்வு வெப்பமாக மாறுகிறது.

திணறும் மோட்டாரும் சூடேறும். ஓடும் மோட்டார், தனக்கு வரும் மின்சாரத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறைந்து மின்னோட்டம் கூடும். செம்புக் கம்பிச் சுருளின் மேற்பூச்சு கருகத் தொடங்கும்.

வாடை பிளக் பக்கமிருந்து வருகிறதா? இதுதான் அதிக ஆபத்து. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். ஒரு கணக்குப் போடுவோம். நீரைச் சூடாக்கும் இயந்திரம் 10 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இடத்தின் மின்தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள்: 10 × 10 × 0.5 = 50 வாட். மின்சுற்றில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவியின் வெப்பம் ஏறக்குறைய இவ்வளவுதான். அது பிளக்கின் ஒரு சிறு முனையில் குவிந்தால் பிளாஸ்டிக் தாங்குமா?

பிளக்கில் 13 ஆம்பியர் உருகி இருக்கிறதே, அது காக்காதா? காக்காது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் உருகி அறுபடும். இங்கே ஓடுவது 10 ஆம்பியர்தான். உருகிக்குத் தெரியாத ஆபத்தை உங்கள் மூக்குதான் கண்டுபிடிக்கிறது.

பிளக் உருகியிருந்தாலோ புகை வந்தாலோ அதைத் தொடாதீர்கள். மின்பெட்டியின் முதன்மைச் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறி, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள். இயந்திரத்தின் பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். மின்தேக்கியில் மின்னூட்டம் மிச்சமிருக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கட்டும்.

இன்று துணி துவைத்து முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா, பழுப்பேறியிருக்கிறதா? உடனே அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.