பம்பு மேல் பழி! குற்றவாளி, துருப்பிடித்த ஜாயிண்டு
பிக்கப் வண்டியில் இறுகிய பவர் ஸ்டீரிங். ஜாக்கி போட்டதும் குட்டு வெளிப்பட்டது

கோயம்பேடு மார்க்கெட். விடியற்காலை 3 மணி. லோடு ஏற்றிய பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக கேட்டை தாண்டி வந்தன.

அதில் ஒரு வண்டியின் டிரைவர் மட்டும் சீட்டை விட்டு பாதி எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டிக் கொண்டு இருந்தார்.

அவருக்கு வயது 52. வண்டிக்கு வயது 14. சொந்த வண்டி. தக்காளி, வெங்காயம் ஏற்றி வடசென்னை கடைகளுக்கு போடுவது தொழில்.

பவர் ஸ்டீரிங் என்றால் ஒரு விரலால் சுற்றலாம் என்பார்கள். இவருக்கோ தோள்பட்டை வீங்கி, வீட்டில் தைலம் தேய்க்காத நாள் இல்லை.

அதுகூட போகட்டும். வளைவில் திருப்பினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. ஒருநாள் எதிரே வந்த பஸ்சில் மோத இருந்து, மயிரிழையில் தப்பினார்.

9 ஆயிரம் ரூபாய்!

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். பானெட்டை திறந்து பார்த்ததுமே, "பம்பு போச்சு. 9 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவு பணம் கையில் இல்லை. இல்லாததே நல்லதாக போயிற்று!

வியாசர்பாடியில் மரத்தடியில் ஷெட் போட்டு இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, பம்பு மாத்தணுமாம். கொஞ்சம் கொறச்சு பண்ணிக் குடுங்க."

"பம்புதான்னு யாருப்பா சொன்னது? மொதல்ல டயருல காத்து பாரு" என்றார் பெரியவர்.

காற்று சரியாக இருந்தது.

பவர் ஸ்டீரிங்கில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட், பம்பை சுற்றுகிறது. பம்பு, ஆயிலை அழுத்தி ஸ்டீரிங் பாக்சுக்கு அனுப்புகிறது. டிரைவரின் கைக்கு அங்கே ஆயில் தோள் கொடுக்கிறது. 1926-ம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர் இதை ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் கார்களில் விற்பனைக்கு வர 1951 ஆயிற்று.

பெரியவர் பெல்ட்டை கட்டைவிரலால் அமுக்கினார். அரை அங்குலம்கூட இறங்கவில்லை. நல்ல டைட். லூசாக இருந்தால் ஒடிக்கும்போது 'கீச்' என்று கத்தும். அதுவும் இல்லை.

ஆயில் டப்பாவை திறந்தார். அளவு சரி. நுரையும் இல்லை. நுரைத்து இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆயில் குறைந்தால் சிலர் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றி விடுகிறார்கள். இது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. ரப்பர் சீல்கள் கெட்டு, நன்றாக இருந்த பம்பும் போய்விடும். வண்டிக்கு கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

ஜாக்கி போட்டார்

அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தார். சக்கரம் அந்தரத்தில். பாரமே இல்லை. அப்போதும் ஸ்டீரிங் இறுக்கம்தான்.

சக்கரத்துக்கு போகும் டிராக் லிங்கை கழற்றினார். சக்கரத்தை கையால் தள்ளினார். லேசாக ஆடியது. கிங் பின் கிரீஸ் இல்லாமல் காய்ந்து இருந்தால் இப்படி ஆடாது. பழைய வண்டிகளில் அடிக்கடி மாட்டுவது அதுதான். இதில் அது இல்லை.

கடைசியாக ஸ்டீரிங் ராடையும் பாக்சிலிருந்து பிரித்தார். பாக்ஸ் சுலபமாக சுற்றியது. மேலே தனியாக நின்ற ஸ்டீரிங்கை சுற்றினால், ஒரு சுற்றில் 2 இடத்தில் இறுகி, 2 இடத்தில் இளகியது.

"ஆளு மாட்டிக்கிட்டான்" என்றார் பெரியவர்.

ராடின் அடியில், கைக்கு அடக்கமான ஒரு கிராஸ் ஜாயிண்டு. உள்ளே முழுக்க துரு! பாக்சுக்கு மேலே இருக்கும் இறுக்கத்துக்கு ஆயிலின் உதவி கிடைக்காது. டிரைவரின் கை மட்டுமே அந்த துருவோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தது. ஸ்டீரிங் நேருக்கு திரும்பாததற்கும் இதுவே காரணம். பம்பு மாற்றி இருந்தால் 9 ஆயிரமும் தண்டம்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தில் இந்த வண்டி 2 நாள் தண்ணீரில் நின்றது. அப்போது என்ஜினை பார்த்தார்கள், பிரேக்கை பார்த்தார்கள். இந்த ஜாயிண்டை யார் நினைத்தார்கள்?

துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஆட்டினார். அரை மணி நேரத்தில் இளகியது.

"அப்படியே மாட்டிடுங்கண்ணே."

"மழை வந்தா மறுபடி இறுகும் தம்பி. உசுரு சமாச்சாரம். புதுசு வாங்கிட்டு வா."

புதுப்பேட்டையில் கதவு, சீட்டு, பம்பர் எல்லாம் பழசு கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஸ்டீரிங் சாமான் மட்டும் பழசு கூடாது. டிரைவர் புதுசே வாங்கி வந்தார்.

கழற்றும் முன்பே பெயிண்டால் அடையாளம் வைத்து இருந்ததால், ஸ்டீரிங் கோணாமல் நேராக உட்கார்ந்தது. போல்ட்டுகளை பெரியவர் தானே முறுக்கினார். பையனிடம் விடவில்லை.

"கடைசி வரைக்கும் ஒடிச்சு, புடிச்சுக்கிட்டே நிக்காத. 5 செகண்டுக்கு மேல புடிச்சா பம்பு சூடாயிடும். அப்புறம் நெசமாவே 9 ஆயிரம்" என்று எச்சரித்து அனுப்பினார்.

ஜாயிண்டும் கூலியும் சேர்த்து செலவு 2 ஆயிரத்து 400 ரூபாய்.

மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு கோயம்பேடு கேட்டில் அந்த வண்டி திரும்பியது. டிரைவர் உட்கார்ந்தபடியே திருப்பினார்.