ஆட்சிப்பணிக் கல்வியும் வழிகாட்டும் கடமையும்

கல்வி ஒருவனுக்குக் கண்ணாகும் என்பர். கண் இருந்தும் பாதை அறியாதவன் நாற்சந்தியில் திகைத்து நிற்பதுண்டு. பொது நிருவாகம், அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு ஆகிய துறைகளில் முதுகலை பயிலும் மாணவர் பலரின் நிலை இன்று இதுவே. அரசின் அமைப்பையும் சட்டத்தின் இயல்பையும் பக்கம் பக்கமாகக் கற்கின்றனர். ஆயினும் அந்த அரசின் வாயிலுக்குள் நுழைவது எவ்வாறு என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இலர். பட்டம் வழங்குவதோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடுகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழிகாட்டல் என்பது யாது?

பணிவழிகாட்டல் என்பது வேலைவாய்ப்பு விளம்பரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது மட்டுமன்று. மாணவனின் இயல்பை அறிதல், அதற்கேற்ற பணிகளை உணர்த்துதல், விண்ணப்பத்திற்கும் நேர்முகத் தேர்விற்கும் அணியமாக்குதல், அப்பணிகளில் இருப்போருடன் தொடர்பு ஏற்படுத்துதல் ஆகிய நான்கும் இணைந்ததே வழிகாட்டல். இன்ன செயலுக்கு இன்னவர் தக்கவர் என ஆராய்ந்து பணியில் அமர்த்தும் நெறியைத் ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனி அதிகாரமாகவே வகுத்தார் வள்ளுவர். கலந்தாலோசனை எனப் பொருள்படும் ‘அஷ்ஷூரா’ என்பது திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயராகும். ஆலோசனையின்றி இளைஞனைத் தனியே விடுவது நம் மரபும் அன்று. நம் மார்க்கமும் அன்று.

மேனாட்டார் கண்ட முறை

அமெரிக்காவின் சைராகூஸ் பல்கலைக்கழகத்தில் 1924இல் தோன்றிய மாக்ஸ்வெல் பள்ளி பொது நிருவாகக் கல்விக்குப் புகழ்பெற்றது. அத்தகைய பள்ளிகளில் முதுகலை மாணவர்க்கெனப் பணிவழிகாட்டும் அலுவலகம் தனியே இயங்குகிறது. படிக்கும் காலத்திலேயே அரசு அலுவலகங்களில் களப்பயிற்சி பெறவும், முன்னாள் மாணவரைச் சந்திக்கவும் அது வகை செய்கிறது.

அங்கிருந்து நாம் கற்க வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. முதுகலைப் பட்டதாரிகளை நடுவண் அரசுப் பணிக்கு ஈர்க்க 1977இல் அந்நாட்டில் ஒரு சிறப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்த அத்திட்டம், 2025 பிப்ரவரியில் அதிபரின் ஓர் ஆணையால் முடிவுக்கு வந்தது. ஒரே வாயிலை நம்பி நிற்போர் அது மூடப்படும்போது செய்வதறியாது நிற்பர். ஆதலின் பல வாயில்களைக் காட்டுவதே நல்ல வழிகாட்டல்.

நம் நிலை

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். 2006இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டு மக்களுள் 13.4 விழுக்காட்டினரான முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப்பணியில் 3 விழுக்காடும், காவல்பணியில் 4 விழுக்காடும், அயலகப் பணியில் 1.8 விழுக்காடுமே இருந்ததைக் காட்டியது. இவ்வெண்களைக் கூறி வருந்துவது எளிது. எத்தனை பேரைத் தேர்வெழுத அனுப்பினோம், அவர்களை எவ்வாறு அணியமாக்கினோம் என்று நம்மை நாமே வினவுவது அரிது.

தேர்வின் கடுமையையும் மறைத்தல் கூடாது. 2023ஆம் ஆண்டின் குடிமைப்பணி முதனிலைத் தேர்வை எழுதியோர் 5,92,141 பேர்; முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,624 பேர்; இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 1,016 பேர். இதனைக் கூறாமல் ஊக்கம் மட்டும் ஊட்டுவது வழிகாட்டல் ஆகாது.

அறியாமையால் வரும் இழப்பு

அறிவுக் குறையால் தோற்பவரைப் போலவே, செய்தி அறியாமையால் வாய்ப்பிழப்பவரும் உளர். சான்றாக ஒன்றைக் கூறலாம். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அதற்குரிய சாதிச் சான்றிதழே மத்திய அரசுத் தேர்வுக்கும் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வேறு. அதற்கான சான்றிதழும் வேறு. ‘கிரீமிலேயர்’ எனப்படும் வளம்பெற்ற பிரிவில் இல்லை என்பதையும் அதில் உறுதிசெய்தல் வேண்டும். அப்பிரிவினர்க்கு வயது வரம்பு 35, வாய்ப்புகள் ஒன்பது. பொதுப்பிரிவில் எழுதினால் வயது வரம்பு 32, வாய்ப்புகள் ஆறு. உரிய தாள் ஒன்று கையில் இல்லாமையால், தகுதியுள்ள மாணவன் மூன்றாண்டுகளையும் மூன்று வாய்ப்புகளையும் இழக்கிறான். தமிழ்வழிக் கல்வி பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கும், பயின்ற நிறுவனங்களின் சான்றிதழ்கள் தேவை. இவற்றை முதலாண்டிலேயே சொல்லித்தர ஓர் ஆசிரியர் போதும்.

தமிழ் தரும் வலிமை

ஆட்சிப்பணிக்குத் தமிழ் உதவாது என்னும் மயக்கம் இன்னும் நீங்கவில்லை. கோத்தாரி குழுவின் பரிந்துரையை ஏற்று, 1979 முதல் முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாகக் கொள்ளலாம். அதன் இரு தாள்களுக்கு 500 மதிப்பெண். மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளிலோ, 2021ஆம் ஆண்டின் அரசாணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறுதல் கட்டாயம். கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களே சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். தமிழறிவும் பொதுப்பணியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அன்னாரின் வாழ்வே சான்று.

வாயில்கள் பல

குடிமைப்பணி ஒன்றே பொதுப்பணி அன்று. தொகுதித் தேர்வுகள், ஊரக வளர்ச்சித் துறை, நீதிமன்ற அலுவல், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் எனக் களம் விரிந்துள்ளது. 2010இல் தொடங்கிய ‘லாம்ப்’ திட்டம், இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் பணியாற்றச் செய்தது. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தோன்றியது. ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ், குடிமைப்பணித் தேர்வுக்கு முயலும் 1,000 பேரைத் தேர்ந்து, மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதங்கள் வழங்கும் முறை 2023இல் வந்தது. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் உறைவிடப் பயிற்சியகம் சிறுபான்மையினர், பட்டியலினத்தார், பழங்குடியினர், மகளிர் ஆகியோர்க்குரியது. 2021ஆம் ஆண்டுத் தேர்வில் அனைத்திந்திய முதலிடம் பெற்ற சுருதி சர்மா அங்குப் பயின்றவரே. சிறுபான்மையினர் நிறுவனம் ஏற்றும் விளக்கு அனைவர்க்கும் ஒளிதரும் என்பதை இது காட்டுகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு கல்லூரியிலும் முதுகலை மாணவர்க்கென வழிகாட்டு மையம் ஒன்று அமைதல் வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. ஓர் அறை, நாளிதழ்கள், பழைய வினாத்தாள்கள், பொறுப்பான ஆசிரியர் ஒருவர் போதும்.

இரண்டாவதாக, தேர்வு நாள்கள், வயது வரம்பு, சான்றிதழ்கள் அடங்கிய குறிப்பேட்டை முதற்பருவத்திலேயே மாணவர் கையில் தருதல் வேண்டும்.

மூன்றாவதாக, விடுமுறைக் காலத்தில் ஊராட்சி அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஒரு மாதக் களப்பயிற்சிக்கு வழிசெய்தல் வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் கொண்ட தமிழ்நாட்டில் இதற்கு இடப்பஞ்சம் இல்லை.

நான்காவதாக, அரசுப் பணியிலுள்ள முன்னாள் மாணவர் ஆண்டுக்கு இருமுறையேனும் வந்து மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துதல் வேண்டும்.

ஐந்தாவதாக, மாணவியரின் பெற்றோரை அழைத்துப் பேசுதல் வேண்டும். பட்டம் பெற்ற மகளுக்கு ஈராண்டு அவகாசம் தரக் குடும்பம் இசையாவிடில் எந்த மையமும் பயன்தராது.

சமுதாயப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாணியம்பாடியில் 1919இலும், சென்னையிலும் திருச்சியிலும் 1951இலும் கல்லூரிகள் கண்டவர்கள் நம் முன்னோர். அவர்கள் வாயிலைத் திறந்தனர். அவ்வாயிலைக் கடந்து வெளியேறும் இளைஞனின் கைப்பிடித்துச் சிறிது தொலைவு உடன் நடப்பது நம் கடமையாகும். ஆண்டுதோறும் இரு மாணவரின் தங்குமிடச் செலவையும் நூற்செலவையும் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஏற்குமாயின் பத்தாண்டுகளில் நிலை மாறும்.

மாணவச் செல்வங்களே! பதவி என்பது பெருமைக்குரிய அணிகலன் அன்று. மக்கள் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதனைத் தாங்கும் தோள்களை இன்றே வலிமையாக்குங்கள். ஐயம் எழும்போது ஆசிரியர் அறையின் கதவைத் தட்டுங்கள். வழிகேட்பவன் இழிந்தவன் ஆகான். வல்ல இறைவன் நம் முயற்சிகளுக்குத் துணைபுரிவானாக!