எண்ணம் முதல் திட்டம் வரை

ஒரு செயல் கைக்கு வருமுன் மனத்தில் பல நிலைகளைக் கடக்கிறது. அந்நிலைகளைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. எண்ணம், நோக்கம், உத்தேசம், தீர்மானம், திட்டம், ஆயத்தம் என்பன அவற்றுள் சில. வீட்டுப் பேச்சில் இவற்றை மாற்றி வழங்கினால் கேடொன்றும் இல்லை. அரசாங்க அறிவிக்கையிலும் நீதிமன்றத்திலும் மாறினாலோ, ஒருவருடைய நிலத்துக்கும் சில வேளைகளில் உயிருக்குமே ஆபத்து நேரலாம்.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை', 'வினைத்திட்பம்', 'வினை செயல்வகை' என மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்தார். ஆராய்தல் வேறு, மனவுறுதி வேறு, செய்யும் முறை வேறு என்னும் தெளிவு நம் மொழிக்குப் புதியதன்று.

முதலில் இரண்டு சொற்களைப் பார்ப்போம். "தை மாதம் வீடு கட்ட உத்தேசம்" என்கிறோம். "உத்தேசமாக நூறு பேர் வந்தனர்" என்றும் சொல்கிறோம். விருப்பத்தைக் குறிக்கும் அதே சொல் தோராயத்தையும் குறிக்கிறது. ஆகவே உத்தேசம் என்பது நெகிழ்ச்சியுள்ளது, மாறக்கூடியது. 'திட்டம்' இதற்கு நேர்மாறானது. "குழம்பில் உப்புத் திட்டமாக இருக்கிறது" என்றால் கூடாமலும் குறையாமலும் இருக்கிறது என்று பொருள். அளவில்லாதது திட்டம் ஆகாது. 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஆண்டுக் கணக்கும் பணக் கணக்கும் உடையதாக இருந்தது. அதனால் அப்பெயர் அதற்கு நன்கு பொருந்திற்று. பன்னிரண்டாம் திட்டத்தோடு 2017-இல் அவ்வரிசை முடிவுற்றது. சொல்லின் இயல்பு மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது 'தீர்மானம்'. ஆலோசனை முடிந்தது, ஐயம் அகன்றது என்பதை அது தெரிவிக்கிறது.

இவ்வேற்றுமை ஓர் உழவருக்கு எவ்வாறு பயன்படும்? 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் மத்தியச் சட்டத்தைக் காண்க. அதன் 11-ஆம் பிரிவின்படி முதலில் பூர்வாங்க அறிவிக்கை வெளியாகும். அது அரசிதழிலும் நாளேடுகளிலும் வருவதோடு, அவ்வட்டார மொழியில் ஊராட்சியிலும் வெளியிடப்பட வேண்டும். அவ்வாறு வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அவற்றை விசாரித்த பின்னரே 19-ஆம் பிரிவின்படி பிரகடனம் வரும். முன்னது உத்தேசம், பின்னது தீர்மானம். பூர்வாங்க அறிவிக்கையைத் தமிழாக்குபவர் "நிலத்தை எடுக்க அரசு தீர்மானித்துள்ளது" என்று எழுதிவிட்டால் என்ன நேரும்? "முடிந்த காரியத்துக்கு முறையிட்டு என்ன பயன்?" என்று உழவர் வாளாவிருந்துவிடுவார். அறுபது நாளும் கழிந்துவிடும். சட்டம் அளித்த உரிமையைச் சொல் பறித்துவிடும்.

குற்றவியலில் இப்படிகள் இன்னும் நுட்பமானவை. தீய எண்ணம் ஒன்றையே காரணமாகக் கொண்டு சட்டம் எவரையும் தண்டிப்பதில்லை. ஆயத்தமும் பெரும்பாலும் தண்டனைக்கு உரியதன்று; கூட்டுக் கொள்ளைக்கு ஆயத்தம் செய்தல் போன்ற சில மட்டும் விலக்கு. முயற்சி தொடங்கிய பிறகோ அது குற்றமாகிறது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த ஒழுங்கு, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

பலர் சேர்ந்து செய்த குற்றத்தில் 'ஒரே மாதிரியான எண்ணம்' வேறு, 'பொதுவான நோக்கம்' வேறு. 1945-இல் பிரிவி கவுன்சில் மகபூப் ஷா வழக்கில் அளித்த தீர்ப்பு இதற்குச் சிறந்த சான்று. சிந்து நதிக்கரையில் நாணல் அறுத்தது பற்றி எழுந்த சச்சரவில், தம்மவர் ஒருவரின் கூக்குரல் கேட்டு இருவர் துப்பாக்கியுடன் வந்து சுட்டனர். ஒருவரைக் கொன்ற குண்டு மகபூப் ஷாவினுடையதன்று. ஆயினும், நோக்கம் பொதுவானது என்று கொண்டு அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. பொதுவான நோக்கம் என்றால் முன்கூட்டிய உடன்பாடு இருத்தல் வேண்டும். இருவர் மனத்திலும் ஒத்த எண்ணம் இருந்தது என்பது போதாது என்று கூறி, பிரிவி கவுன்சில் அக்கொலைத் தண்டனையை நீக்கியது. அத்தகைய உடன்பாடு நிகழ்விடத்திலேயே உருவாகவும் கூடும். ஆனால் அது மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

ஆகவே, அறிவிக்கை ஒன்று கையில் கிடைத்தால், நேயர்கள் அதன் வினைச்சொல்லை முதலில் நோக்குவது நலம். 'உத்தேசித்துள்ளது' என்றிருந்தால் பேசுவதற்கு இன்னும் இடம் உண்டு. கெடு எந்த நாளில் முடிகிறது என்று பார்த்து உடனே எழுதுக. 'தீர்மானித்துள்ளது' என்றிருந்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று கேட்டறிக. அறிவிக்கையைத் தமிழில் எழுதுவோர்க்கும் ஒரு கடமை உண்டு: மூலத்தில் செயல் எந்தப் படியில் நிற்கிறதோ, தமிழிலும் அதே படியில் அதனை நிறுத்த வேண்டும்.