பேராசிரியர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள்?

‘இந்தக் காலத்து வாத்தியார்களுக்கு ஈடுபாடே இல்லை’ என்ற புலம்பலை மதுரையின் கல்லூரி வட்டாரங்களில் அடிக்கடி கேட்கலாம். சோம்பல் என்று பழி போடுவது எளிது. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வேறு கோணத்தைக் காட்டினார்கள். செய்யும் வேலையில் நம் விருப்பத்துக்கும் இடம் இருக்க வேண்டும், அதை நன்றாகச் செய்கிறோம் என்ற நிறைவு வேண்டும், கூட இருப்பவர்கள் நம்மைத் தம்மில் ஒருவராக மதிக்க வேண்டும். இந்த மூன்றும் மனத்தின் அடிப்படைத் தேவைகள் என்பது அவர்கள் வாதம். இவை போதுமான அளவு கிடைக்காதபோது ஆர்வம் குறைகிறது. பணியிடமே இவற்றை நசுக்கும்போது ஆளே ஓய்ந்துபோகிறார்.

நம் கல்லூரிகளில் அதுதான் நடக்கிறது. அரசு உதவியின்றி இயங்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் பலருக்குக் கோடை விடுமுறை என்பது அட்மிஷன் வேலைதான். பிளஸ் டூ மாணவர்களின் போன் நம்பர்களை வைத்துக்கொண்டு மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஊர் ஊராக அலைய வேண்டும். கல்லூரி திறந்ததும் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்புகள் வந்துவிடும். ஒரு மணி நேரக் கருத்தரங்குக்குச் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, ஜியோடேக் படம், அறிக்கை என்று தயாரிப்பதற்குள் அடுத்த நாள் பாடத்துக்குப் படிக்க நேரம் இருக்காது. அதே கட்டடத்தில் அதே பாடத்தை நடத்தும் அரசு உதவி பெறும் பிரிவு ஆசிரியர் பல மடங்கு சம்பளம் வாங்குவார். மூன்று தேவைகளும் ஒரே வளாகத்துக்குள் அடிபடுகின்றன.

‘முதலில் சம்பளத்தைக் கொடுங்கள், மனசு தானாகச் சரியாகும்’ என்பார்கள். நியாயம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஊழியர்கள் 2024இல் சம்பள நிலுவைக்காகப் போராட வேண்டியிருந்தது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் சொன்ன பிறகும், தமிழக அரசுக் கல்லூரிகளில் அந்தத் தொகை எட்டாக்கனியாகவே இருந்தது. ஆனால் பணம் மட்டுமே காரணமென்றால் யுஜிசி சம்பளம் வாங்கும் நிரந்தரப் பேராசிரியர்கள் உற்சாகமாக இருக்க வேண்டுமே? கோப்புச் சுமையில் அவர்களும்தான் அலுத்துப்போகிறார்கள். சம்பளம் அடித்தளம், ஈடுபாடு அதற்கு மேல் கட்ட வேண்டியது.

‘இலக்கும் கோப்பும் இல்லாவிட்டால் யார் வேலை பார்ப்பார்கள்?’ என்பது நிர்வாகங்களின் கேள்வி. இதற்கு மதுரையிலேயே பதில் உண்டு. 1978இல் அமெரிக்கன் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுக்கும் பொறுப்பை அந்த நிறுவனத்திடம் நம்பி ஒப்படைத்தார்கள். நிறுவனத்தின் மீது வைத்த அந்த நம்பிக்கையை ஆசிரியர் மீதும் வைக்கலாம். அட்மிஷன் இலக்கை ஆசிரியர் தலையிலிருந்து இறக்குவது, ஒரே தகவலை நான்கு படிவங்களில் கேட்காமல் இருப்பது, பாடத்திட்டக் குழுவில் சுயநிதி ஆசிரியருக்கும் இடம் தருவது: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. இவற்றைக்கூடச் செய்யாத நிர்வாகத்துக்கு, ஆசிரியருக்கு ஈடுபாடு இல்லையென்று குறை சொல்லும் உரிமை கிடையாது.