மூளையும் முண்ணாணும்

வன்னிப் பெருநிலத்தின் நடுவே, கண்டி வீதியினின்றும் முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தியில் அமைந்த ஊர் மாங்குளம். அக்கண்டி வீதியின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு மனித உடலின் ஓர் உண்மையை விளக்குதல் எளிது. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் அவ்வீதி மூடப்பட்டது. மூடப்பட்ட இடம் ஒன்றே. வடக்கே யாழ்ப்பாணத்துக் கடைகளும் கல்லூரிகளும் இருந்தபடியே இருந்தன. தெற்கே வன்னியூர்களும் அவ்வாறே இருந்தன. ஆயினும் அவ்வழியே ஆளும் செல்லவில்லை, பொருளும் செல்லவில்லை. முண்ணாண் அறுபடும்போது உடலில் நிகழ்வதும் இதனை ஒத்ததே. கட்டளையிடும் மூளையிற் குறையில்லை. கால்களின் என்பிலும் தசையிலும் குறையில்லை. இடைவழி ஒன்றே கெட்டது. அதனால் நடையும் உணர்ச்சியும் ஒருங்கே ஒழிகின்றன.

மாங்குளத்திலே இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2009 இல் முடிவுற்ற போரிலே குண்டுச் சிதறல்களாலும் சன்னங்களாலும் முள்ளந்தண்டில் ஊறுபட்டு, இடுப்பின் கீழோ கழுத்தின் கீழோ இயக்கம் இழந்தோர் வன்னியிற் பலர். அத்தகையோர் தமக்கெனக் கூடி அமைத்த ‘உயிரிழை’ என்னும் அமைப்பு மாங்குளத்தில் இயங்கி வருகின்றது. நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் மாங்குளம் வைத்தியசாலையில் அமைக்கப்பட்ட மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் 2024 இல் திறந்து வைக்கப்பட்டது. இவர்களுக்கு நேர்ந்தது யாது என்பதை அறிதற்கு, மூளை, முண்ணாண் என்னும் இரண்டின் அமைப்பையும் தொழிலையும் ஒருவாறு அறிதல் வேண்டும்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் நிறையுடையது. உடல் நிறையில் இது நூற்றுக்கு இரண்டு பங்கே. எனினும் ஓய்ந்திருக்கும் உடல் உட்கொள்ளும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை இது செலவிடுகின்றது. இதன்கண் உள்ள நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி எனக் கணிக்கப்பட்டுள்ளன. மண்டையோடாகிய பேழையினுள், மூன்று சவ்வுகளாற் போர்த்தப்பட்டு, தெளிந்த பாய்பொருளொன்றில் மிதந்தவாறு மூளை இருக்கின்றது. அப்பாய்பொருளும் அச்சவ்வுகளும் கீழிறங்கி முண்ணாணையும் காக்கின்றன.

மூளையின் பகுதிகள் பலவாயினும் மூன்றினை முதன்மையாகக் கொள்ளலாம். முதலாவது பெருமூளை. மடிப்புக்கள் நிறைந்த இதன் மேற்பட்டையிலேதான் பார்த்தல், கேட்டல், பேசல், நினைத்தல், தீர்மானித்தல் என்பன நிகழ்கின்றன. இரண்டாவது சிறுமூளை. இது தசைகளின் செயல்களை ஒழுங்குபடுத்தி உடலின் சமநிலையைப் பேணுகின்றது. வரம்பிலே தலைச்சுமையுடன் தடுமாறாது நடப்பவன் இதன் உதவியாலேயே நடக்கின்றான். மூன்றாவது மூளைத் தண்டு. அதன் கீழ்ப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் உறங்கும்போதும் நடத்துகின்றது. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க நார்களிற் பெரும்பாலானவை இங்கேதான் வலமிடமாக மாறுகின்றன. மூளையின் இடப்பாதியிற் குருதிக் கசிவு ஏற்பட்டவனுக்கு வலக்கையும் வலக்காலும் வழங்காமற் போவதன் காரணம் இதுவே.

நீள்வளைய மையவிழையத்தின் தொடர்ச்சியே முண்ணாண். இஃது ஏறக்குறைய 45 சதமமீற்றர் நீளமும் சிறுவிரலின் பருமனும் உடையது. முள்ளென்புகளின் துளைகள் ஒன்றன்மேலொன்றாக அமைந்து ஆக்கும் கால்வாயினுள் இறங்கி, இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளென்பளவில் முடிகின்றது. இதிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளைக்கின்றன: கழுத்தில் எட்டு, மார்பிற் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, திருவென்பில் ஐந்து, குயிலலகில் ஒன்று. ஒவ்வொரு நரம்புக்கும் இரு வேர்கள் உண்டு. முதுகுப்புற வேர் தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் செய்தியை உள்ளே கொணரும். வயிற்றுப்புற வேர் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும். முண்ணாணைக் குறுக்கே வெட்டி நோக்கின் நடுவே வண்ணத்துப்பூச்சி வடிவிற் சாம்பல்நிறப் பகுதியும், அதனைச் சூழ வெண்ணிறப் பகுதியும் தோன்றும். சாம்பல்நிறப் பகுதி கலங்களின் உடல்கள் தங்கும் இடம். வெண்ணிறப் பகுதி செய்திகள் ஏறியும் இறங்கியும் செல்லும் நார்களின் பாதை.

முண்ணாண் வழிமட்டுமன்று, தானே வினைசெய்யும் ஆற்றலும் உடையது. வெறுங்காலில் நெருஞ்சிமுள் தைத்தால், நோவை உணருமுன்னரே கால் மேலெழுகின்றது. முள்ளின் செய்தி முண்ணாணை அடைந்தவுடன், மூளையின் ஆணையை எதிர்பாராது, அங்கிருந்தே தசைக்குக் கட்டளை பிறக்கின்றது. இதுவே தெறிவினை எனப்படும். நோவு என்னும் உணர்வு மூளைக்குச் சற்றுப் பிந்தியே எட்டுகின்றது.

இதனை அறியாமையால் விளையும் துயரம் ஒன்றுண்டு. முண்ணாண் அறுந்த சிலகாலத்தின் பின், அசைவற்றுக் கிடந்த கால் திடீரெனத் துள்ளுவதுண்டு. நோயாளியின் தாய் அதனைக் கண்டு, மகன் எழுந்து நடக்கப் போகின்றான் என மகிழ்வாள். ஆயின் அறுந்த இடத்திற்குக் கீழுள்ள முண்ணாண் தன் தெறிவினையைத் தானே செய்கின்றதேயன்றி, அத்துள்ளலில் மூளையின் விருப்பம் இல்லை. நோயாளி தான் நினைந்தபோது விரலை அசைக்கின்றானா என்பதே மீட்சியின் அடையாளம்.

ஊறுபட்ட இடத்தைப் பொறுத்து இழப்பின் அளவு வேறுபடும். மார்பளவில் ஊறுபட்டோர்க்குக் கைகள் எஞ்சும், கால்கள் வழங்கா. கழுத்தில் ஊறுபட்டோர்க்கு நான்கு அவயவங்களும் பாதிக்கப்படும். மூச்சுக்குரிய பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகளிலிருந்து எழுவதால், அதற்கும் மேலே அறுபட்டால் மூச்சே நின்றுவிடும். கையிலோ காலிலோ அறுந்த நரம்பு தக்க சூழலில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு மீள வளரக்கூடும். முண்ணாணின் நார்களோ அவ்வாறு வளர்ந்து இணைவதில்லை. எனவே காத்தலே முதற்கடமை. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ வீழ்ந்தவனையும், உழவு இயந்திரம் புரண்டு நசுங்கியவனையும் கையும் காலும் பற்றித் தூக்குதல் பெருந்தவறு. உடைந்த முள்ளென்பு அசைந்து, அதுவரை அறுபடாதிருந்த முண்ணாணை அறுத்துவிடும். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலர் கூடிப் பலகையிற் கிடத்திக் கொண்டு செல்லல் வேண்டும்.

பழைய எகிப்திய மருத்துவ ஏடொன்று கழுத்தென்பு பிறழ்ந்து கைகால் உணர்விழந்தவனைக் குறித்து, இது மருத்துவத்திற்கு அடங்காதது எனக் கைவிட்டது. அக்கருத்தே இருபதாம் நூற்றாண்டு வரை நிலவியது. இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் 1944 இற் பணிதொடங்கிய லுட்விக் குட்மன் அதனை மாற்றினார். அத்தகைய நோயாளரைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்வழித் தொற்றுமே எனக் கண்டு, இரண்டு மணிக்கொருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார். 1948 இல் அவர்களை விளையாட்டுப் போட்டியிலும் ஈடுபடுத்தினார். தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியரான மேரி வர்கீசு 1954 இல் ஊர்தி விபத்தில் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966 இல் அங்கே எழுந்த புனர்வாழ்வு நிலையத்திற்கு வழிகாட்டியும் ஆனார். கால்கள் ஓய்ந்தபோதும் அறிவும் கைத்திறனும் ஓய்ந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழிற் தந்தார். அறிவு மக்கள் மொழியில் மக்களை அடைதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. முண்ணாண் பற்றிய அறிவும் அவ்வாறே வீடுகளை அடைதல் வேண்டும். உணர்ச்சியற்ற தோலிற் புண் தோன்றுகின்றதா எனத் தாய் நாடோறும் நோக்குதலும், சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளத்தைப் பள்ளியிலும் பணிமனையிலும் கோயில் வாயிலிலும் அமைத்தலும் அவ்வறிவின் பயன்களாம். உடலினுள்ளே அறுந்த வழியை இணைக்க மருத்துவம் இன்னும் முயல்கின்றது. ஊரிலே அவர்கள் வந்துசெல்லும் வழியைத் திறந்து வைத்தல் ஏனையோர் கையில் உள்ளது.