போர் விமானிகளுக்கான சிறுநீர் அகற்றும் கருவி

போர் விமானிகளுக்கான சிறுநீர் அகற்றும் கருவி என்பது, இருக்கையை விட்டு எழ முடியாத விமானியின் சிறுநீரைப் பறக்கும்போதே சேகரித்துக்கொள்ளும் சாதனம் ஆகும். பெரும்பாலான போர் விமானங்களில் கழிப்பறை கிடையாது.

தேவை

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 சனவரியில் சுகோய்-30 எம்.கே.ஐ. அணி நிலைநிறுத்தப்பட்டது. இவ்விமானம் தன் எரிபொருளைக் கொண்டு ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் பறக்கும். வானிலேயே எரிபொருள் நிரப்பினால் பத்து மணி நேரம் வரை பறக்கலாம். மனிதச் சிறுநீர்ப்பை கொள்வதோ 400 முதல் 500 மி.லி. தான்.

மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் செல்லும் பெண்கள் பலர் மாலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்ப்பதுண்டு. விமானிகளும் இதே வழியைக் கையாண்டு வந்துள்ளனர். ஆனால் இங்கு விளைவு கடுமையானது. விமானம் வேகமாகத் திரும்பும்போது, புவியீர்ப்பைப்போல் பல மடங்கு விசை இரத்தத்தைக் கால்களை நோக்கி இழுக்கிறது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தின் கன அளவும் குறையும். மூளைக்கு இரத்தம் போதாமல் விமானி விரைவில் நினைவிழக்க நேரிடும். ஆகவே இது வசதி பற்றிய சிக்கல் மட்டுமன்று, உயிர் பற்றியது.

பழைய முறை

ஆண்கள் நெடுங்காலமாகப் பஞ்சு அடைத்த ஞெகிழிப் பையைப் பயன்படுத்தினர். அதற்கு இருக்கைப் பட்டையைத் தளர்த்த வேண்டும். இவ்வாறு கழற்றிய பட்டையின் கொக்கி கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கியதால் அமெரிக்க எஃப்-16 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது.

பெண்களுக்கான கருவிகள்

பெண்களுக்கு இந்தப் பை ஏறக்குறைய பயனற்றது. கழுத்து முதல் கால்வரை ஒரே உடையாகத் தைக்கப்பட்ட பறப்பு உடை, அதன்மேல் ஈர்ப்பு எதிர்ப்பு உடை, பட்டைகள் ஆகியவற்றுடன் சாய்ந்த இருக்கையில் அதைப் பொருத்துவது மிகக் கடினம். பலர் உறிஞ்சும் அணையாடையையே நம்பினர். விமானி அறை தொடக்கத்திலிருந்தே ஆண் உடலை அளவாகக் கொண்டு அமைக்கப்பட்டதே இந்நிலைக்கு முதற்காரணம் எனலாம்.

புதிய கருவிகளில் உடலோடு ஒட்டிய திண்டு ஒன்று உள்ளது. ஈரம் பட்டதும் உணரி அதை அறிய, மின்கலத்தால் இயங்கும் சிறு விசைக்குழாய் சிறுநீரை உறிஞ்சிப் பைக்கு அனுப்பும். பட்டையைக் கழற்றத் தேவையில்லை. 'ஸ்கைட்ரேட்' என்ற இத்தகைய கருவியை அமெரிக்க விமானப்படை தன் பெண் விமானிகளுக்கு வழங்கி வருகிறது.

இந்தியாவில்

அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் 2016 சூன் 18 அன்று நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பணியேற்றனர். இவர்களுள் சுகோய்-30 விமானியான அவனி, 2023 சனவரியில் ஜப்பானில் நடந்த 'வீர் கார்டியன்' கூட்டுப்பயிற்சியில் பங்கேற்றார்.