இராஜினாமாக் கடிதம் எழுத முன்...



அலவத்துகொடையில் காலை பஸ்ஸைப் பிடித்து, அக்குறணையைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நெரிசலில் நின்று, கண்டிக்குள் காரியாலயம் போய்ச் சேரும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். திரும்பி வரும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிடும். பிறகு அடுப்படி, பிள்ளைகளின் பாடம், மாமியின் மருந்து. "போதும், நாளைக்கே வேலையை விடுகிறேன்" என்று நீங்களும் ஒருநாள் சொல்லியிருப்பீர்கள்.

விடுவதா, தொடர்வதா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எந்த மாதத்தில், எந்த முறையில் விடுகிறீர்கள் என்பதில் உங்கள் உழைப்பின் பெரும்பங்கு தங்கியிருக்கிறது. அதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு பூரண வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதப் பணம் கொடுக்கப்பட வேண்டும். தானாக விலகினாலும் இது கிடைக்கும். "நானாக விட்டால் ஒன்றும் கிடையாதாம்" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வது பிழை. மாதம் 40,000 ரூபா எடுப்பவர் 5 வருடம் முடித்து விலகினால் 1,00,000 ரூபா. நாலு வருடமும் பத்து மாதமும் ஆனபோது கோபத்தில் கடிதத்தை நீட்டினால், அந்தச் சட்டப்படி கேட்க ஒன்றுமில்லை. இரண்டு மாதப் பொறுமையின் விலை ஒரு இலட்சம்!

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். வெள்ளி இரவோ ஞாயிறோ, பிள்ளைகள் தூங்கிய பின் பத்து நிமிடம் போதும். அந்த வாரம் என்ன வேலை செய்தீர்கள், எது மனதை நோகடித்தது, கூட்டத்தில் என்ன சொன்னார்கள், நீங்கள் சொல்ல நினைத்து விழுங்கியது என்ன என்று திகதியோடு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து வாசித்துப் பார்த்தால் விடயம் தெளிவாகும். சிலருக்கு வேலையில் குறையே இருக்காது, பாதைதான் கொல்லும். அவருக்கு அக்குறணையிலேயே ஒரு தொழில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிலருக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் தொல்லை.

கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் வேகமாகப் பேசி முடித்துவிடுவார்கள், நாம் தலையாட்டிவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். விளங்காததை அங்கேயே திருப்பிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அதைவிடக் கவனம் தேவைப்படுவது, உங்களைத் தனியாகக் கூப்பிடும் கூட்டத்துக்கு. "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்த தாளை முன்னால் வைத்து, ஒப்பமிடச் சொல்வதும் நடக்கிறது. அந்த இடத்தில் ஒப்பமிடாதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். தானாக விலகியதாக எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்காது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் விலகிவிடும் சகோதரிகளும் உண்டு. பேறுகால விடுமுறை 84 வேலை நாட்கள், அதுவும் சம்பளத்தோடு. மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் என்ற பழைய விதி 2018இல் மாற்றப்பட்டுவிட்டது. விடுமுறையை எடுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன?

அடுத்து சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படுகிறது, முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் முற்றிலும் முதலாளியின் பணம். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடுபவர் அதற்கு முன்னரும் விண்ணப்பிக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்து, தளபாடம் வாங்கித் தீர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. கிடந்தால் வருடா வருடம் அது கூடிக்கொண்டே போகும்.

சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வெட்டிய பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை வேலையில் இருக்கும்போதே பாருங்கள். கட்டவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தேசிய அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டும் காரியாலயப் பதிவில் வேறொன்றும் இருப்பது நம் பெண்களின் பெயர்களில் சர்வசாதாரணம். ஆயிஷாவுக்கும் பாத்திமாவுக்கும் ஆங்கிலத்தில் எத்தனை விதமான எழுத்து! அதைத் திருத்திக்கொண்ட பிறகே கடிதத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போது பிரதியொன்றில் திகதியிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டையும் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.